களியக்காவிளைப் பெயர்ப்பலகைக் கடை: மரவேலை அருமை, எபிரேய வரியைப் பார்த்து வாங்குங்கள்

களியக்காவிளையில் தமிழக-கேரள எல்லையை ஒட்டிய ஒரு பெயர்ப்பலகைக் கடையில் மூன்று வரியாகச் செதுக்கித் தருகிறார்கள். மேலே எபிரேயம், நடுவில் தமிழோ மலையாளமோ, கீழே பெயரின் பொருள். 12 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் அயனிப் பலகை. ஓரமெல்லாம் வழுவழுவென்று இழைத்து, வார்னிஷ் இரண்டு கை அடித்துத் தருகிறார்கள். மரவேலையில் குறையே இல்லை.

கவனம் வேண்டியது எபிரேய வரியிலும் பொருள் வரியிலும். இந்தப் பக்கம் எங்கும் கேட்கிற யோவான் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். யோவான் ஸ்நானகனின் தந்தை சகரியா எழுத்துப்பலகை கேட்டு வாங்கி எழுதியதும் (லூக்கா 1:63) இதே பெயரைத்தான்.

கடைப் பட்டியலில் பொருள் 'கர்த்தரின் கிருபை' என்றிருக்கிறது. பக்கத்தில் வருகிறது, ஆனால் சரியில்லை. மூலப் பெயர் யோஹானான். 'யோ' என்பது கடவுளின் திருப்பெயரின் சுருக்கம். 'ஹானான்' என்றால் கிருபை செய்தார். ஆக, பெயரே ஒரு முழு வாக்கியம்: 'கர்த்தர் கிருபை செய்தார்'. அப்படியே செதுக்கச் சொல்லுங்கள். சாமுவேலின் தாய் அன்னாளின் பெயருக்கும் இதே வேர். தானியேலின் தோழன் அனனியாவின் பெயரில் இதே இரண்டு துண்டுகளும் முன்பின்னாக நிற்கின்றன. கத்தோலிக்கர் யோவானை அருளப்பர் என்று அழைத்தது எத்தனை அழகான தமிழாக்கம்! எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலைப் பக்கத்தார் கேட்கும் யோஹன்னான் சிரியாக் மொழி வழி வந்தது. அதனால் ஹகரம் விழாமல் நிற்கிறது.

எபிரேய வரியில்தான் பிழை அதிகம். எழுத்துகள் ஐந்து: யோத், வாவ், ஹேத், நூன், இறுதி நூன். வலமிருந்து இடமாக வர வேண்டும். சில வடிவமைப்பு மென்பொருள்கள் வரிசையைத் தலைகீழாக்கிவிடும். நீண்டு தொங்கும் இறுதி நூன் வலது ஓரத்தில் நின்றால் பலகை தப்பு.

அடுத்தது உயரம். யோத், வாவ், இறுதி நூன் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோடுதான், நீளத்தில்தான் வேறுபாடு. யோத் மேலேயே நின்றுவிடும், வாவ் அடிக்கோட்டைத் தொடும், இறுதி நூன் அதற்கும் கீழே இறங்கும். வரி அழகாகத் தெரியட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். ஹேத்துக்குப் பதில் ஹே விழுவதும் உண்டு. ஹேயின் இடது கால் மேல்கோட்டைத் தொடாது, ஹேத்தில் தொடும். இடைவெளி தெரிந்தால் எழுத்து மாறிவிட்டது என்று அர்த்தம்.

உயிரொலியைக் காட்ட எழுத்தோடு இடும் உயிர்ப்புள்ளிகள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த அளவுப் பலகையில் அவை மணல் பருமன்தான் வரும், வார்னிஷ் அடைத்துவிடும். புள்ளி இல்லாமல் எழுதுவதே எபிரேயத்தில் வழக்கம். மரத்தில் ஏற்றுமுன் காகிதத்தில் அதே அளவில் அச்செடுத்துக் கேளுங்கள். தயங்காமல் தருகிறார்கள், அந்தக் கட்டத்தில் திருத்தமும் செய்கிறார்கள். செதுக்கிய பிறகென்றால் புதுப் பலகைதான்.