ஒரிஜினல் டோனரா, கம்பேட்டிபிளா? ஒரு ஜெராக்ஸ் கடைக் கணக்கு

என் மச்சினன் நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை போடுகிறான். "அத்தான், டோனர் ஒரிஜினல் வாங்கவா, கம்பேட்டிபிள் வாங்கவா?" என்று போனில் கேட்டான். டோனர் என்பது லேசர் மிஷினில் மைக்குப் பதிலாக இருக்கும் கறுப்புப் பொடி. மிஷின் கம்பெனியின் பெயரிலேயே வருவது ஒரிஜினல், அதே மிஷினுக்குப் பொருந்துகிற மாதிரி வேறு கம்பெனி செய்வது கம்பேட்டிபிள். கம்பேட்டிபிள் என்று உடனே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், அந்தப் பதிலுக்கு வந்து சேர எனக்கு நான்கு வருடமும் ஒரு வெள்ளைச் சட்டையும் செலவானது ஞாபகத்துக்கு வந்தது.

வலங்கைமானில் என் கடையில் இரண்டு மிஷின்கள். பிரிண்டுக்குக் கேனான் எல்பிபி 2900, ஜெராக்ஸுக்கு எச்பி எம்1005. எச்பி லேசர் பிரிண்டர்கள் பலவற்றின் உள் இயந்திரம் கேனான் செய்வதுதான். அதனால் கேனானின் 303, எச்பியின் 12ஏ என்று பெயர் வேறாக இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே கார்ட்ரிட்ஜ், அதாவது டோனர் பொடி அடைத்த டப்பா, பொருந்தும். ஒரே சரக்கை வாங்கி வைத்தால் போதும்.

விலையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒரிஜினல் 4,000 ரூபாய்க்குக் குறையாது, பெட்டியில் போட்டிருப்பது 2,000 பக்கம். கம்பேட்டிபிள் எனக்கு 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது, 1,500 பக்கம் வரை ஓடும். ஒரு பக்கத்துக்கு ஒன்று 2 ரூபாய், மற்றது 40 பைசா. ஜெராக்ஸுக்கு நான் வாங்குவதே 2 ரூபாய்தான். அந்த 2,000 பக்கக் கணக்கும் தாளில் 5 சதவீதம் மட்டும் கறுப்பு இருந்தால்தான். ஆதாரையும் பாஸ்புக்கையும் போட்டோவோடு நகலெடுத்துப் பாருங்கள், பொடியை மடமடவென்று குடிக்கும்.

அச்சுத் தரத்தில் ஒரிஜினல் ஒரு படி மேல், அதை மறைக்கவில்லை. சின்ன எழுத்தும் பிசிறில்லாமல் விழும். ஆனால் சிட்டாவில் இருக்கும் கியூஆர் கோடை கம்பேட்டிபிள் பிரிண்டிலும் போன் தடையில்லாமல் படிக்கிறது. எங்கள் ஊர் வேலைக்கு அது போதும்.

என்னைப் பல நாள் தயங்க வைத்தது பொடிக் கசிவு ஒன்றுதான்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். சில வருடங்களில் நீட்டிப்பார்கள், ஆனால் அதை நம்பி யாரும் வீட்டில் இருப்பதில்லை. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் மடித்து பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மழையில் வந்து நிற்பார்கள். அப்படி ஒரு சாயங்காலம் ஒரு பெரியவர் அடங்கல் நகலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கரிச்சட்டியில தேச்ச மாதிரி இருக்கு?" என்றார். தாள் முழுக்கக் கரும்புள்ளி. புல எண்ணில் 3-க்கு இடப்பக்கம் பொடி ஒட்டி அது 8 ஆகியிருந்தது. மூடியைத் திறந்து கார்ட்ரிட்ஜை இழுத்தேன், பொடி மொத்தமும் சட்டையில். வலங்கைமான் பட்டாசுக்குப் பேர் போன ஊர். மருந்து இடிக்கப் போனாயா என்று வீட்டில் கேட்டார்கள்.

கார்ட்ரிட்ஜுக்குள் டிரம் என்று ஓர் உருளை உண்டு. பொடி அதில் ஒட்டித்தான் தாளுக்குப் போகும். தாளில் இறங்காமல் மிஞ்சுகிற பொடியை ஒரு பிளேடு வழித்து, பக்கத்தில் இருக்கும் கழிவு அறையில் தள்ளும். அந்த அறை நிரம்பினாலோ பிளேடு தேய்ந்தாலோ பொடி வெளியே கொட்டும். அன்றைக்குக் கொட்டியது மூன்று முறை ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜ். 200 ரூபாய்க்குக் கடைக்கே வந்து பொடி நிரப்பிக் கொடுத்தவர் ஒருமுறைகூடக் கழிவு அறையைத் திறக்கவில்லை. நானும் அப்படி ஓர் அறை இருப்பது தெரியாமல் இருந்தேன். கம்பேட்டிபிளைத் திட்டியது தப்பு, அதை ரீஃபில் செய்ததுதான் வினை. புதிதாக வாங்கினால் டிரம், பிளேடு எல்லாம் புதிது, கழிவு அறையும் காலி. இப்போது காலியானதை நிரப்புவதில்லை, மாற்றிவிடுகிறேன்.

புதுசும் கசியாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். இதுவரை இரண்டு கசிந்திருக்கின்றன. ஒரிஜினல் எனக்கு ஒருமுறைகூடக் கசிந்ததில்லை. ஆனால் ஒரு ஒரிஜினல் வாங்கும் பணத்தில் ஆறு கம்பேட்டிபிள் வரும். கசிந்ததைக் கழற்றி அடுத்ததைச் செருக இரண்டு நிமிடம். மறுநாள் கும்பகோணம் பஸ்ஸில் போய், கெட்டுப்போன ஒரு தாளைக் காட்டினால் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறார். இப்படி மாற்றித் தருகிற கடை கிடைக்காவிட்டால் நான் சொன்ன கணக்கு முழுக்கக் கவிழ்ந்துவிடும். ஆகவே மச்சினனிடம், முதலில் கடைக்காரரைப் பார், அப்புறம் விலையைப் பார் என்றேன்.

அவரிடம் பேச ஒரு ஸ்கேல் உதவும். ஒரே மாதிரிக் கறை தாளில் ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால் டிரம்மில் கீறல். 12ஏ டிரம் ஒரு சுற்றுக்கு அவ்வளவு நீளம். அது கார்ட்ரிட்ஜ் கோளாறு, தாராளமாக மாற்றக் கேட்கலாம். ஐப்பசி மழையில் அச்சு வெளிறினால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், முதலில் தாள் நமுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கொட்டிய பொடியை வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம். அவ்வளவு நைஸான பொடி, சாதா ஃபில்டரைத் தாண்டிப் பின்பக்கமாகப் பறக்கும். கையைச் சுடுதண்ணீரில் கழுவவும் கூடாது. சூட்டில் இளகித் தாளைப் பிடிக்கிற பிளாஸ்டிக்தானே அது, கையையும் பிடிக்கும். பச்சைத் தண்ணீரும் சோப்பும் போதும். சட்டை போனது போனதுதான்.

இதெல்லாம் சிப் இல்லாத பழைய மிஷின்களுக்கு. புது மாடல்கள் சிலவற்றில் கார்ட்ரிட்ஜில் சிப் இருக்கும், மிஷின் மென்பொருளை அப்டேட் செய்ததும் வேறு கம்பெனி சிப்பை ஏற்க மறுக்கலாம். அந்த ரக மிஷினை நான் ஓட்டியதில்லை, கலர் லேசரும் வைத்ததில்லை. மச்சினன் கலர் மிஷின் வாங்குவதாக இருந்தால் வேறு யாரையாவது கேட்கட்டும்.

அந்த அடங்கல் சம்பவத்துக்கு அடுத்த வாரமே பயந்துபோய் ஓர் ஒரிஜினல் வாங்கி வைத்தேன், காப்பீட்டு நாட்களில் மட்டும் போட. மூன்று நவம்பர் போய்விட்டது. சீல் பிரிக்காத பெட்டி அலமாரியில் இருக்கிறது, அதன் மேல் ஏ4 பண்டல் அடுக்கியிருக்கிறேன்.