கிரிகிரி பிளஸ்: ஸ்பான்சர் பணத்தில் முதலில் வாங்க வேண்டிய கருவி

வேலூரைச் சுற்றியுள்ள மலைகளில் பாறையேறும் கல்லூரிக் குழுக்களும் வார இறுதி முகாம் நடத்துபவர்களும் இப்போது ஸ்பான்சர் தேடுகிறார்கள். கிடைக்கவும் செய்கிறது. உடற்பயிற்சிக் கூடமோ பானக் கம்பெனியோ துணிக்கடையோ பணம் கொடுக்க முன்வந்தால், அது பெரும்பாலும் டீ-ஷர்ட், பேனர், பதக்கம், குளிர்பானம் என்று கரைந்துவிடுகிறது. கயிறும் கருவியும் பழையதாகவே இருக்கும். அந்தப் பணத்தில் முதலில் வாங்கவேண்டியது எது என்று எங்களிடம் கேட்டால், பெட்ஸல் நிறுவனத்தின் கிரிகிரி பிளஸ் என்ற கயிறு பிடிக்கும் கருவி என்போம். இதைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். பெட்ஸலுக்கும் எங்களுக்கும் வேறு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. விளம்பரப் பணம் புழங்கும் விளையாட்டில் மதிப்புரை எழுதுபவர் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கீழே நின்று கயிறு பிடிப்பவரைப் பிலேயர் என்கிறோம். ஏறுபவரின் உயிர் பிலேயரின் இடுப்பில் மாட்டியிருக்கும் பிலே கருவியில் இருக்கிறது. பல முகாம்களில் புழங்கும் டியூப் கருவியிலும் எட்டு வடிவ வளையத்திலும் பிடிப்பு முழுக்கக் கையில்தான். கை நழுவினால் கயிறு ஓடிவிடும். கிரிகிரிக்குள் கேம் என்ற சுழலும் எஃகுத் துண்டு உண்டு. கார் சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்வதுபோல, ஏறுபவர் விழுந்து கயிறு சட்டென இறுகினால் கேம் சுழன்று கயிற்றைத் தகட்டோடு நசுக்கிப் பிடிக்கும். 1991இல் வந்த வடிவம் இது. சாதாரண கிரிகிரி 175 கிராம், பிளஸ் 200 கிராம். இரண்டும் 8.5 முதல் 11 மி.மீ. வரையுள்ள ஒற்றைக் கயிற்றை ஏற்கும். முகாமுக்கு 9.8 முதல் 10.2 மி.மீ. கயிறு வாங்குங்கள். அதைவிட மெல்லியது வழுக்கும், 11 மி.மீ. கயிறு கருவிக்குள் திக்கித் திக்கித்தான் போகும்.

மாட்டுவது எளிது, தலைகீழாக மாட்டுவது அதைவிட எளிது. நகரும் பக்கத் தகட்டைத் திறந்து, உள்ளே பொறித்திருக்கும் படத்தின்படி கயிற்றைக் கேமைச் சுற்றி வையுங்கள். ஏறும் ஆள் படம் இருக்கும் பக்கம் ஏறுபவரின் நுனி, கை படம் இருக்கும் பக்கம் நீங்கள் கையில் பிடிக்கும் பிரேக் கயிறு. தகட்டை மூடி, இரண்டு துளைகளிலும் சேர்த்துத் திருகுப்பூட்டு காராபைனர் கொக்கியைக் கோத்து, இடுப்புப் பட்டையான ஹார்னஸின் பிலே வளையத்தில் மாட்டித் திருகுங்கள். பிறகு ஏறுபவர் பக்கக் கயிற்றை ஓங்கி ஒரு இழுப்பு. பூட்டிக்கொண்டால் சரி. பூட்டவில்லை என்றால் கயிறு தலைகீழாக இருக்கிறது. இந்த இழுப்பைச் செய்யாமல் ஒருவரையும் பாறையில் ஏற்றாதீர்கள். ஏறுபவரும் பிலேயரும் மாறிமாறி ஒருவர் முடிச்சையும் மற்றவர் கருவியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். "அண்ணா, இழுத்துப் பாத்துட்டீங்களா?" என்று முதலாண்டு மாணவன் மூத்த பயிற்சியாளரைக் கேட்கத் தயங்காத முகாம்தான் நல்ல முகாம்.

எங்கே தவறுகிறது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். இது தானாகப் பிடித்துக்கொள்ளும் கருவி என்று நம்பிப் பிரேக் கயிற்றிலிருந்து கையை எடுப்பதுதான் பெரிய தவறு. கேம் பூட்ட, கயிறு சட்டென இறுக வேண்டும். வேலூர்ப் பக்கத்துப் பாறைகள் பலவும் சாய்வான வழவழப்புப் பலகைகள். அங்கே ஆள் விழுவதில்லை, சறுக்குகிறார். கயிற்றில் பளு மெதுவாக ஏறுகிறது. கயிறு மெல்லியதாகவோ புதிதாகவோ இருந்து, கீழே கையும் இல்லையென்றால் கேம் சும்மா இருந்துவிடலாம். செங்குத்துச் சுவரில் பழகியவர்கள் இந்தச் சரிவுகளில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான்.

அடுத்தது லீட் ஏற்றம், அதாவது கயிற்றைத் தானே மேலே கொண்டுபோய் வழியில் மாட்டிக்கொண்டே ஏறுவது. ஏறுபவர் கயிற்றைப் பாறையில் தொங்கும் இரட்டைக் கொக்கியான குயிக்டிராவில் மாட்ட வேகமாக இழுக்கும்போது கருவி பூட்டிக்கொள்ளும். எரிச்சலில் பிலேயர் கேமை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தபடியே நிற்பார். அந்த நொடியில் விழுந்தால் கருவி வெறும் வளையம். சரியான முறையில், மூன்று விரல்கள் பிரேக் கயிற்றை விடாமல் பிடித்திருக்கும், ஆட்காட்டி விரல் கருவியின் விளிம்புக்கு அடியில் இருக்கும், கட்டைவிரல் ஒரு கணம் மட்டும் கேமைத் தொட்டு விலகும்.

மூன்றாவது தவறு, உச்சியில் ஆங்கரில், அதாவது கயிற்றைத் தாங்கும் பிடிமானத்தில், கருவியைத் தொங்கவிட்டு மேலிருந்து பிலே செய்யும்போது நடப்பது. சரிவான உச்சியில் கருவி பாறைமேல் படுத்துவிடும். கேமோ ஆளை இறக்கத் திருப்பும் கைப்பிடியோ கல்லில் முட்டினால் பூட்டாது. அப்படிப்பட்ட இடத்தில் கருவி கல்லைத் தொடாதபடி ஆங்கரை நீட்டி அமைக்கவேண்டும், முடியாவிட்டால் கீழிருந்தே பிலே செய்ய வேண்டும். கயிற்றின் கடைசி நுனியில் முடிச்சு போடாமல் இறக்குவது எல்லாக் கருவிக்கும் பொதுவான ஆபத்து. உயரத்தின் இரண்டு மடங்கைவிடக் கயிறு நீளமாக இருக்க வேண்டும். 25 மீட்டர்ப் பாறைக்கு 60 மீட்டர் கயிறு போதும், 50 மீட்டர் கயிறு போதாது. துப்பட்டா, நீளமான பின்னல், ஸ்பான்சர் கொடுத்த தொளதொள டீ-ஷர்ட்டின் ஓரம் ஆகியவை கருவிக்குள் போய்ச் சிக்கும். கட்டி உள்ளே செருகிவிட்டுத்தான் பிலேயர் நிற்க வேண்டும்.

சாதாரண கிரிகிரியை விட்டுப் பிளஸ்ஸை ஏன் சொல்கிறோம்? புதியவர்கள் இறக்கும்போது ஆள் வேகமாக இறங்கினால் பதறிக் கைப்பிடியை இன்னும் பின்னால் இழுப்பார்கள். சாதாரண வகையில் அது கேமை முழுக்கத் திறந்துவிடும். பிளஸ்ஸில் கைப்பிடி ஓர் எல்லையைத் தாண்டியதும் கயிறு மறுபடி பூட்டிவிடும். கைப்பிடியை விட்டு மறுபடி மெதுவாக ஆரம்பிக்க வேண்டியதுதான். இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பிரேக் கை, கைப்பிடி திறப்பதற்கு மட்டும். கூடவே டாப்-ரோப் (கயிறு உச்சி ஆங்கர் வழியாக வருவது), லீட் என இரண்டு நிலைக்கு ஒரு திருகு உண்டு. டாப்-ரோப் நிலையில் கேம் சீக்கிரம் பூட்டும். முகாமில் அதை அந்த நிலையிலேயே வைத்துவிடுங்கள். கயிறு உரசும் இடத்தில் எஃகுத் தகடு இருப்பதும் நம் ஊருக்கு நல்லது. கருங்கல் பொடி படிந்த கயிறு அலுமினியத்தை அரம்போல் தேய்க்கும்.

மரமில்லா மலை என்று வேலூரைச் சொல்வார்கள். பாறையேறுபவருக்கு அதன் அர்த்தம், உச்சியில் கயிறு கட்ட மரம் கிடைக்காது என்பதே. பெரிய உருண்டைக் கல்லோ அடித்து வைத்த போல்ட்டோதான் ஆங்கர். டாப்-ரோப்பில் மேலுள்ள காராபைனரில் ஏறுபவர் எடையும் பிலேயர் பிடிக்கும் இழுப்பும் சேர்ந்து விழும். உராய்வு போக, எடையைப் போல் ஏறக்குறைய 1.6 மடங்கு. டியூப் கருவியைவிடக் கிரிகிரியில் கயிறு வழுக்குவது குறைவு, அதனால் ஆங்கருக்குப் போகும் அதிர்ச்சியும் கூடுதல். நல்ல கருவி வாங்கினோம் என்று மோசமான ஆங்கரில் தொங்கக்கூடாது. இரண்டு தனித்தனிப் பிடிமானம் வேண்டும், இடையிலுள்ள கோணம் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 120 டிகிரி ஆனால் ஒவ்வொன்றும் முழுப் பளுவையும் சுமக்கும். வெயிலில் காய்ந்து ஓடுஓடாக உரியும் கருங்கல்லில் போல்ட் அடிக்குமுன் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. வெயிலில் கிடந்த உலோகம் கையைச் சுடும், வியர்த்த கையில் பிரேக் கயிறு நழுவும். காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. கயிறு பிடிக்கத் தோல் கையுறை போடுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தோல் பதனிடும் வட்டாரத்துக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. பதனிடுவதில் புழங்கும் கந்தக அமிலம் நைலானைத் தின்னும். பேட்டரி அமிலமும் அதேதான். அமிலம் பட்ட கயிறும் ஹார்னஸும் பார்க்க நன்றாகவே இருந்து பளு ஏறும்போது அறுந்துவிடும். கெமிக்கல் வைத்த கொட்டகையிலோ பேட்டரிக்குப் பக்கத்திலோ கயிற்றைப் போடவே கூடாது. மாடியில் துணி காயவைக்கும் கொடிக்கயிறும் லாரிக்குத் தார்ப்பாய் கட்டும் கயிறும் பாறைக்கு ஆகாது என்பதைச் சொல்லத் தேவையிருக்கக் கூடாது, ஆனாலும் சொல்கிறோம்.

ஸ்பான்சர் விஷயத்துக்கு வருவோம். 2014 நவம்பரில் அமெரிக்க உணவு நிறுவனமான கிளிஃப் பார், அலெக்ஸ் ஹொனால்ட், டீன் பாட்டர், ஸ்டெஃப் டேவிஸ் உட்பட ஐந்து பாறையேறிகளின் ஒப்பந்தத்தைக் கைவிட்டது. கயிறில்லாமல் ஏறுவது போன்ற அபாயங்களிலிருந்து தாங்கள் லாபம் பெற விரும்பவில்லை என்று சொன்னது. அடுத்த ஆண்டு மே மாதம் பாட்டர் அமெரிக்காவின் யோசெமிட்டியில் விங்சூட் என்ற இறக்கை உடையில் பறந்தபோது இறந்தார். 2017 ஜூன் 3 அன்று ஹொனால்ட் அங்குள்ள எல் கேப்பிட்டன் பாறைச்சுவரைக் கயிறில்லாமல் ஏறினார், அதன்பின் அவர் புகழும் விளம்பரமும் பெருகின. இரண்டு பக்கமும் உண்மை. ஆனால் அந்தக் காட்சியைக் கைபேசியில் பார்த்துவிட்டு இங்கே ரீல்ஸுக்காகச் செருப்பைக் கழற்றிப்போட்டுக் கோட்டை மலைச் சரிவில் ஏறும் பையனுக்குப் பின்னால் ஹொனால்டின் பல்லாண்டுப் பயிற்சி இல்லை. அப்படிப்பட்ட வீடியோவைத் தன் பக்கத்தில் பகிரும் ஸ்பான்சரிடம் பணம் வாங்காதீர்கள்.

சிறிய அளவிலும் ஸ்பான்சரின் அவசரம் கயிற்றில் வந்து விழும். ட்ரோன் படம் எடுக்க வேண்டும் என்று வெயிலில் காத்திருக்க வைப்பது, நூறு பேரை ஏற்றிக்காட்ட வேண்டும் என்று பரிசோதனையைத் தவிர்ப்பது, பேனர் கயிற்றை ஆங்கர் காராபைனரிலேயே கட்டுவது, ஆள் பாறையில் தொங்கும்போது பிலேயரிடம் மைக்கை நீட்டுவது. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள்: பிலேயரிடம் யாரும் பேசக்கூடாது, ஏற்றத்தை நிறுத்தும் உரிமை பயிற்சியாளருக்கு மட்டும். கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் பிரித்துப் பாருங்கள். 2013இல் பிரான்சின் ஓர்பியரில் 12 வயது இத்தாலியச் சிறுவன் இறந்ததற்குக் காரணம், குயிக்டிராவில் ஸ்லிங் என்ற துணிப்பட்டை காராபைனரில் கோக்கப்படாமல் ரப்பர் வளையம் மட்டும் தாங்கி நின்றது.

ஒரு கயிற்று வரிசைக்கு ஒரு கிரிகிரி பிளஸ், மொத்தத்துக்கு உபரியாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகுப்பூட்டு காராபைனர். ஏறுபவர், பிலேயர், அடியில் நிற்பவர் எல்லோருக்கும் தலைக்கவசம். ஏறுபவரைவிட பிலேயர் மிகவும் இலகுவாக இருந்தால் அவரைத் தரையோடு கட்ட ஒரு ஸ்லிங். வனத்துறை அனுமதியும் 108 வந்து சேரும் பாதையும் முன்னாலேயே பார்த்து வைக்க வேண்டியவை. வள்ளிமலைச் சமணக் குகைகள் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் போல்ட்டும் வேண்டாம், சாக்பொடியும் வேண்டாம்.

குறைகளும் உண்டு. டியூப் கருவியைவிட விலை பல மடங்கு, எடையும் அதிகம். வலக்கைக்காரருக்காகச் செய்தது, இடக்கைக்காரர் தனியாகப் பழக வேண்டும். இரட்டைக் கயிற்றில் இறங்க முடியாது, அதற்கு டியூப் ஒன்று பையில் இருக்கத்தான் வேண்டும். லீட் மட்டுமே செய்யும் தேர்ந்த குழுவுக்கு, 2024இல் வந்த பெட்ஸலின் நியாக்ஸ் கருவி கயிற்றை இன்னும் சுலபமாக விடும். புதியவர்கள் கையில் கொடுக்க எங்கள் தேர்வு பிளஸ்தான்.

ஒவ்வொரு முகாம் முடிந்ததும் பல் துலக்கும் பிரஷ்ஷால் மணலைத் தட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். கயிறு தொடும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது. கேம் கூர்மையாகத் தேய்ந்தாலோ கைப்பிடி தானாகத் திரும்பி வராவிட்டாலோ ஒதுக்கிவிடுங்கள். 2011இல் கிரிகிரி 2இன் ஒரு தொகுதியைக் கைப்பிடிக் கோளாறுக்காகப் பெட்ஸலே திரும்பப் பெற்றது. அதனால் செகண்ட்ஹேண்டில் வாங்காதீர்கள், புதிதில் பொறித்திருக்கும் சீரியல் எண்ணை வாங்கிய தேதியோடு குழுவின் நோட்டில் அன்றே எழுதிவிடுங்கள்.