பழைய கதையா, கேலிக் கதையா?

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளியின் தமிழ் வகுப்பில் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைப் பழைய வடிவத்திலேயே சொல்லலாம்; அல்லது ஓநாய் சைவத்துக்கு மாறிவிட்ட கேலி வடிவத்தைக் கொடுக்கலாம்.

பழைய வடிவத்தின் பலம் அதன் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள். பாட்டி வேடமிட்ட ஓநாயிடம் சிறுமி கேட்கும் “பாட்டி, உங்கள் காது ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?” என்பதைக் காது, கண், பல் என மாற்றிக் கேட்கும்போது, வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்கும் அந்த வாக்கிய அமைப்பு நாவில் படிந்துவிடுகிறது. கேலி வடிவம் இதைத் தராது. தேக்கா சந்தையில் கீரைக்குப் பேரம் பேசும் ஓநாயைப் பார்த்துச் சிரிக்க, ஓநாயின் குணம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பிள்ளைக்கு அது கீரை வாங்க வந்த விலங்கு, அவ்வளவுதான்.

மூலக்கதை தெரிந்த வகுப்பிலோ, என் கணிப்பில், கேலி வடிவமே முந்துகிறது. “கறிய விட்டுட்டேன் பாட்டி” என்று ஓநாய் பேச, “என்று ஓநாய் பணிவுடன் கூறியது” என்று கதைசொல்லி தொடரும்போது, பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் ஒரே வரியில் தத்தம் இடத்தில் நிற்பதை மாணவர்கள் காண்கிறார்கள்.

மூலம் சிதைகிறதே என்று சிலர் வருந்துவதுண்டு. ஆனால் அந்த மூலமே மாறி வந்ததுதான். 1697இல் எழுத்தாளர் பெரோ வெளியிட்ட பிரெஞ்சு வடிவத்தில் சிறுமியை ஓநாய் தின்றுவிடுகிறது. அவளைக் காப்பாற்றும் வேட்டைக்காரர் 1812இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதைத் தொகுப்பில்தான் வருகிறார்.

ஒரே பாடவேளைதான் இருக்கிறது என்றால் பழையதே போதும். இரண்டு கிடைத்தால், இரண்டாவதில் கேலிக் கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை மாணவர்களையே எழுதச் சொல்லலாம்.