ஜோஜோ டேங்க் 5,000 லிட்டர்: வாங்கலாம், ஆனால் பம்பை நம்பி வாங்காதீர்கள்

கூரையில் விழும் மழைநீரைச் சேமிக்கும் இந்தப் பிளாஸ்டிக் தொட்டிக்கு நாலரை நட்சத்திரம். கொண்டுவந்து மாட்டியவர்களுக்கு ஒன்றரை. பம்புக்கு எத்தனை என்பது அன்றைக்குக் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதெல்லாம் ஏன் வாங்குகிறோம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். 2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடக்கே டொங்காட் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் சாட்ஸ்வர்த் தெருவில் வீட்டுக்கு வீடு பச்சைத் தொட்டி முளைத்துவிட்டது.

தொட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவர் தடிமன், உள்பக்கம் கறுப்பு. வெளிச்சம் நுழையாததால் பாசி பிடிப்பதில்லை. கணக்கும் சுலபம்: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரை, பத்து மி.மீ. மழை என்றால் ஆயிரம் லிட்டர். சிந்தியது சிதறியது போக எண்ணூறாவது தேறும். இங்கே கோடைதான் மழைக்காலம், அப்படி ஆறேழு மழைக்கு நிரம்பிவிடும். ஜூன், ஜூலைக் குளிர்காலத்தில் வானம் கையை விரித்துவிடும். அப்போது இருப்பதைப் பார்த்துச் செலவழிக்க வேண்டியதுதான்.

மாட்ட வந்தவர்கள் கதை வேறு. நிரம்பினால் ஐந்து டன் எடை. அதைச் செங்கலை அடுக்கி, மேலே மணலைப் பரப்பி நிறுத்திவிட்டுப் போனார்கள். நிரம்பி வழியும் குழாயின் வாய் நேராக வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. கூரையைக் கழுவி வரும் முதல் அழுக்குத் தண்ணீரை ஒதுக்கும் குழாயே கிடையாது. கேட்டால், “அது எக்ஸ்ட்ரா மேடம்.” பிறகு வேறு ஆளை வைத்து கான்கிரீட் போட்டோம். அந்தச் செலவுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு தொட்டியே வாங்கியிருக்கலாம்.

இப்போது பம்பு. தண்ணீர் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.1 பார் அழுத்தம்தான். ஷவருக்கு ஒரு பாராவது வேண்டும். அதனால் எல்லோரும் பம்போடு சேர்த்தே விற்கிறார்கள். 2023-இல் நாட்டின் மின்வெட்டு ஆறாம் கட்டத்துக்குப் போனபோதுதான் (கட்டம் ஏற ஏற, கரண்ட் இல்லாத நேரமும் கூடும்) குட்டு வெளிப்பட்டது: கரண்டும் இல்லை, பம்பும் இல்லை, ஐயாயிரம் லிட்டரும் கொல்லையில் சும்மா நிற்கிறது. மேட்டுத் தெருக்களுக்கு நகரத் தண்ணீரும் பம்பில்தான் ஏற வேண்டும் என்பதால் குழாயும் வறண்டது.

மின்சாரத்துக்கும் தண்ணீர் வேண்டும் என்பது இன்னொரு கூத்து. நிலக்கரி மின் நிலையங்களைக் குளிர்விக்க, ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1.4 லிட்டர் தண்ணீர் போகிறது. என் முக்கால் கிலோவாட் பம்பு ஒரு மணி நேரம் ஓடினால் அங்கே ஒரு லிட்டர்தான் செலவு, பரவாயில்லை. கீசர்தான் பகாசுரன். மூன்று கிலோவாட், மூன்று மணி நேரம் என்று வைத்தால் பன்னிரண்டு லிட்டருக்கு மேல். கையில் காசு இருந்தால் பம்பு வாங்குவதற்கு முன்னால் சோலார் கீசர் போடுங்கள் என்பேன்.

எங்களைக் காப்பாற்றியது சரிவு. வீடு மேலே, தோட்டம் மூன்று மீட்டர் கீழே. தொட்டியின் அடியிலுள்ள 40 மி.மீ. வாயில் ஒரு குழாயைத் தனியாகப் பிரித்து, ஹோஸை இறக்கிவிட்டோம். பம்பு தேவையில்லை. வெந்தயக்கீரை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பக்கத்து வீட்டு ஆயா கொடுத்த மடும்பிக் கிழங்கு (நம் சேப்பங்கிழங்குதான்) எல்லாம் மின்வெட்டிலும் வாடவில்லை. ஆயாவின் தாத்தா காய்கறி பயிரிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனவர். “பம்பா? நாங்க டின்னுலதான் மொண்டு ஊத்துனோம் கண்ணு” என்று சிரித்தார். தக்காளி மட்டும் போடாதீர்கள், குரங்குக் கூட்டத்துக்குத்தான் போய்ச் சேரும். தொட்டிமேல் உட்கார்ந்தே தின்னும்.

உணவு, தண்ணீர், எரிசக்தி மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சியில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் போன்ற ஊர்களோடு நம் நாட்டின் ஸ்டெல்லன்போஷ் ஊரும் சேர்ந்தது. அந்த ஆராய்ச்சியாளர்கள் ஒருநாள் சாட்ஸ்வர்த் கொல்லைகளையும் வந்து பார்த்தால் நல்லது. இங்கே மேட்டு வீட்டுக்கும் பள்ளத்து வீட்டுக்கும் தீர்வே வேறு.

யார் வாங்கலாம்? சரிவில் வீடு, கீழே கொஞ்சம் மண் இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். சமதளத்தில் இருப்பவர்கள் பம்புக்கு இன்வெர்ட்டர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் முதலில் கூரையைக் கவனியுங்கள், தொட்டி பிறகு. குடிக்க, சமைக்க இந்தத் தண்ணீரை நாங்கள் எடுப்பதில்லை. மாட்ட வருபவரிடம் கான்கிரீட், முதல் மழைக் குழாய், வழியும் குழாயின் திசை மூன்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அக்டோபர் மழைக்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது.