"சத்தம் போயிருச்சுங்ணா": டிஸ்க் பிரேக் சைக்கிளை சர்வீஸுக்கு விடுகிறவர்கள் கவனத்துக்கு

ஈரோட்டில் ஏசி வைத்த ஒரு பெரிய சைக்கிள் கடை. ஃபுல் சர்வீஸ் என்று 2,150 ரூபாய் வாங்கிக்கொண்டு, பிரேக்கே பிடிக்காத வண்டியை என் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மாற்றியதாகப் பில் போட்ட பிரேக் பேடை, அதாவது டிஸ்கைக் கவ்வி வண்டியை நிறுத்துகிற கட்டையை, மாற்றவே இல்லை. அதைவிட மோசம், கிரீச் சத்தத்தை நிறுத்துவதற்காக, சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தட்டு மேலேயே எண்ணெய் ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். வெறும் காசு போன விவகாரம் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். சென்னிமலை மலைப்பாதையில் இறங்கும்போது இது தெரியவந்ததால்தான் எழுதுகிறேன்.

வண்டி 21 கியர், முன்னாலும் பின்னாலும் கேபிளில் இழுக்கிற மெக்கானிக்கல் டிஸ்க். பெருந்துறை சிப்காட்டுக்கு வேலைக்குப் போவதும் அதில்தான், லீவு நாளில் காங்கேயம் பக்கம் கொரங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) ரோடுகளில் சுற்றுவதும் அதில்தான். மழைக்காலம் முடிந்ததும் டிஸ்க் கத்த ஆரம்பித்தது. பிரேக் பிடித்தால் டீக்கடையில் இருக்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். கியர் வேறு இரண்டு மூன்று இடத்தில் தாவியது. பக்கத்துக் கடையில் கொடுக்காமல் ஈரோடு வரைக்கும் கொண்டு போனதற்குக் காரணம், கியர் வண்டிக்கென்று தனி மெக்கானிக் இருக்கிறார் என்று அவர்கள் போட்டிருந்த போர்டு.

பில்லில் இருந்தது இதுதான்: ஜெனரல் சர்வீஸ் 900, பிரேக் பேட் இரண்டு ஜோடி 700, கியர் கேபிள் 250, ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) கிரீஸ் 300. எடுக்கப் போனபோது சின்னப் பையன் ஒருவன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, "சத்தம் சுத்தமா போயிருச்சுங்ணா, ஓட்டிப் பாருங்க" என்றான். கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே சத்தம் இல்லை. லிவரும் கெட்டியாக, புது வண்டி மாதிரி இருந்தது. வண்டியும் நின்றது. சமமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது பாதி பிடிக்கிற பிரேக்குக்கும் வண்டி நின்றுவிடும், அங்கேதான் ஏமாற்று ஒளிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைக்கோயிலுக்கு ஏறினேன். ஏறும்போது பிரேக்குக்கு வேலை ஏது? இறங்க ஆரம்பித்து முதல் வளைவுக்கு முன்னால் பிடித்தேன். லிவர் கல்லு மாதிரி நிற்கிறது, வண்டி நிற்கவில்லை. கேபிள் அறுந்திருந்தால் லிவர் தொளதொளவென்று கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ளும், உடனே தெரிந்துவிடும். இது அப்படி இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் பேட் டிஸ்கைக் கவ்வாமல் வழுக்கிக்கொண்டே போகிறது. பின் பிரேக்கும் அதே கதி. எதிரே ஒரு வேன் ஏறி வந்துகொண்டிருந்தது. பள்ளத்துப் பக்கம் போவதற்குப் பதில் மலையோர மண்மேட்டில் வண்டியைச் சொருகினேன். முழங்கையும் கால் முன்னெலும்பும் தோல் உரிந்தது, முன் ரிம் கோட்டமாகிவிட்டது. வேன்காரர் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, "பிரேக்கு இல்லாத வண்டிய எதுக்குங்க மலைக்குக் கொண்டாரீங்க?" என்று சத்தம் போட்டார். பிரேக்குக்கு இப்போதுதான் 700 ரூபாய் கட்டினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது!

மீதி வழி முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன். கீழே, வருசக்கணக்காகச் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஒரு பெரியவர். வாடகைச் சைக்கிள் காலத்து ஆள். டிஸ்க் வண்டியெல்லாம் அவருக்கு வராது என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. அவர் முதலில் செய்தது, வெள்ளை பனியன் வேஸ்ட் துணியில் ஒரு துண்டு கிழித்து டிஸ்கைத் துடைத்தார். துணியில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு கோடு. மோந்து பார்த்தார். "செயினுக்கு அடிக்கற ஸ்பிரேங்க தம்பி. இத டிஸ்க்ல அடிச்சா சத்தம் மட்டுமா போகும்?"

பேடைக் கழற்றினோம். பேடில் தேய்கிற பகுதி ஒரு தாள் கனம்தான் மிச்சம், மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. பில் போட்டு ஒரு வாரம்கூட ஆகாத 'புது' பேட். அப்படியானால் லிவர் எப்படிப் புதிது மாதிரி கெட்டியாக இருந்தது? அதையும் அவர்தான் காட்டினார். லிவருக்குள் கேபிள் நுழைகிற இடத்தில் ஒரு திருகு இருக்கும். அதை வெளிப்பக்கம் திருகத் திருகக் கேபிள் இறுகும், பேட் டிஸ்குக்குக் கிட்டே வரும். கொஞ்சம் தேய்ந்த பேடைச் சரிக்கட்ட அதைத் திருகுவது சரியான வேலைதான். என் வண்டியில் அது கழன்று விழுகிற அளவுக்கு, கடைசிப் புரி வரைக்கும் வெளியே வந்திருந்தது. பேடை மாற்றாமலே மாற்றின மாதிரி காட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

கியர் கேபிள் இன்னும் அழகு. பின் கியர்ப் பக்கம் கேபிளின் நுனியில் பளபளவென்று ஒரு புது அலுமினியத் தொப்பி. பார்க்கிறவனுக்குப் புதுக் கேபிள் என்றுதான் தோன்றும். கைப்பிடியில் கியர் மாற்றுகிற ஷிஃப்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே அதே பழைய கம்பி, இரண்டு பிரி அறுந்து முள்ளாக நிற்கிறது. முன் ஹப்பைக் கழற்றினால் உள்ளே பால்ஸ் உருளுகிற கோன் மேல் பழைய கிரீஸ் காய்ந்து கறுப்பு மெழுகாக ஒட்டியிருந்தது. அந்த ஹப்பைக் கடையில் யாரும் திறக்கவேயில்லை. இதையெல்லாம் கழற்றும்போதே போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன், அது பின்னால் உதவியது.

பேடைக் கவரில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முதலில், "மழைல ஓட்டியிருப்பீங்ளாட்ட இருக்குது" என்றார். சர்வீஸ் எடுத்த பிறகு மழையே இல்லை என்றேன். பிறகு, "வெளில கழட்டுன வண்டிக்கு நாங்க எப்படிங்க பொறுப்பாக முடியும்?" கடைசியில், "வாங்க, ஃப்ரீயா ஒரு வாட்டர் வாஷ் போட்டுத் தர்றோம்." எண்ணெய் ஊறின பேடுக்கு வாட்டர் வாஷ்! வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் வீட்டிலேயும் இதைச் செய்கிறார்கள். டிஸ்க் பிரேக் உராய்வினால்தான் வண்டியை நிறுத்துகிறது. டிஸ்க் தட்டுக்கும் பேடுக்கும் நடுவில் எண்ணெய், கிரீஸ், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் போகக் கூடாது. விரல் பட்டால் அந்தப் பிசுக்குகூட ஆகாது என்பார்கள். சைக்கிளில் சாதாரணமாக வருகிற ரெசின் பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மேலே துடைத்தாலும் சூடானவுடன் உள்ளே இருப்பது கசிந்து வரும். தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு, சுத்தமான துணியில் துடைத்தால் சரியாகிவிடும். பேடை உப்புக்காகிதத்தில் தேய்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு, நன்றாக ஊறிப்போயிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதுதான் ஒரே வழி. கொஞ்சம் காசுக்காக மலையில் சோதனை பண்ணாதீர்கள்.

டிஸ்க் கத்துவதற்குப் பெரும்பாலும் காரணங்கள் இவைதான். தூசி, மண், பேட் மேல் பளபளப்பு ஏறியது, இல்லையென்றால் பேடுகளைத் தாங்குகிற காலிப்பர் நேராக உட்காராதது. கடைசிக் காரணத்துக்கு வைத்தியம் சுலபம். காலிப்பரைப் பிடித்திருக்கிற இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி மறுபடி முடுக்குவது. எப்போதும் முழுதாகச் சரியாகும் என்று சொல்ல மாட்டேன், மெக்கானிக்கல் டிஸ்கில் ஒரு பக்கப் பேட் மட்டும் நகர்கிற மாடல்கள் அதிகம், அதற்குத் தனியாக அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். அந்தப் பெரியவர் புதுப் பேட் போட்ட பிறகு, சமமான ரோட்டில் கொஞ்சம் வேகமாகப் போய் நடை வேகத்துக்குக் குறைத்து, மறுபடி வேகம் எடுத்துக் குறைத்து, இருபது தடவை போலப் பிடித்துப் பழக்கச் சொன்னார். புதுப் பேட் முழுசாகக் கவ்வ அது தேவை. ஈரோட்டில் இதை ஒருவரும் சொல்லவில்லை, பேடே மாற்றாதவர்கள் எதற்குச் சொல்லப்போகிறார்கள்.

இனி யார் கடையில் விட்டாலும், விடும்போதே "பழைய சாமானை எல்லாம் கவர்ல போட்டுக் குடுத்துருங்க" என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். பேட், கேபிள், செயின், டயர் நான்கையும் விடுவதற்கு முன் கிட்டே வைத்துப் போட்டோ எடுங்கள். டயர் மாறிப்போன கதை என் ஆபீசிலேயே ஒருவருக்கு நடந்திருக்கிறது. செயின் தேய்ந்ததா என்று அவர்கள் சொல்லித்தான் நம்ப வேண்டும் என்பதில்லை. பின்னுக்குப் பின் அளந்தால் புதுச் செயினில் 24 பின் இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம் வரும். அதைவிட எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாகக் காட்டினால் செயினுக்கு ஆயுசு முடிந்தது.

எடுக்கும்போது முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னே தள்ளுங்கள். பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் டயர் உருளாமல் இழுபட வேண்டும். என் வண்டியில் இந்த இரண்டும் நடந்திருக்காது என்று இப்போது தெரிகிறது. முன் சக்கரத்தில் குயிக் ரிலீஸ் லிவர் (ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிற லிவர்) இருந்தால், அதை நட்டு மாதிரி சுற்றி முடுக்கியிருக்கிறார்களா, மடக்கி மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். சுற்றி விட்டால் பிடிமானமே கிடையாது. மடக்கும்போது உள்ளங்கையில் தழும்பு பதிகிற அளவுக்கு இறுக்கம் வேண்டும். டிஸ்க் வண்டியில் முன் சக்கரம் தளர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கிற வேகத்திலேயே கவட்டையிலிருந்து சக்கரம் கழன்று வரலாம்.

பஞ்சர் கடையில் நடக்கிற பழைய தில்லுமுல்லு எல்லோருக்கும் தெரியும், ஒரு கிளுவை முள்ளுக்குப் போனால் நாலு ஓட்டை என்பார்கள். டியூபைத் தண்ணீரில் முக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், போதும்.

மலை இறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல பிரேக் இருந்தாலும் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரேயடியாக இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தால் தட்டு காய்ந்துவிடும். கையை வைத்தால் பொசுக்கும். வளைவுக்கு முன்னால் நேர்ப்பாதையில் வேகத்தைக் குறைத்துவிட்டு, விட்டு விட்டுப் பிடிப்பது நல்லது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். "முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவே" என்று பயந்து பின்னால் மட்டும் பிடிக்கிறவர்கள் நம் ஊரில் அதிகம். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, வெடுக்கென்று இல்லாமல் படிப்படியாகப் பிடித்தால் ஒன்றும் ஆகாது.

புகார் விவகாரம் இப்படிப் போனது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டேன், விவரம் பதிவு செய்துகொண்டு, கடைக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்கள். பில் நகல், பேடின் போட்டோ, வீடியோவிலிருந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். அதுவரை போன் எடுக்காத கடையிலிருந்து அவர்களே கூப்பிட்டு, பேடுக்கும் கேபிளுக்கும் வாங்கிய 950 ரூபாயை ஜிபேயில் போட்டுவிட்டார்கள். செய்யாத கிரீஸ் வேலைக்கு வாங்கின 300-ம், கோட்டம் எடுக்க நான் கொடுத்ததும் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நாமே வாதாடலாம், சம்பவம் நடந்து 2 வருசத்துக்குள் போட வேண்டும். ஈரோட்டில் போடுவதற்கான காகிதங்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அதே மாதிரி டிஸ்கில் ஸ்பிரே அடித்த வண்டியை வாங்கிவந்தவர்கள் யாராவது இருந்தால் பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.