ஸ்கிரிபன்: எரர் வராது, பெயரும் வராது

"இன்வாய்ஸில் மொத்தத் தொகை வருகிறது, வாடிக்கையாளர் பெயர் மட்டும் காலி. எரரும் இல்லை" என்று நண்பர் கேட்டிருந்தார். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில், டெம்ப்ளேட் என்ற மாதிரிப் படிவத்தில் தரவை நிரப்பித் தரும் லைப்ரரியான ஸ்கிரிபனோடு நாள் கணக்காய்ப் புழங்கியவர்களுக்குக் காரணம் உடனே தெரியும். சி ஷார்ப் கிளாஸில் 'கஸ்டமர்நேம்' என்று ஒட்டி எழுதிய ப்ராப்பர்ட்டி (தரவைத் தாங்கும் புலம்), டெம்ப்ளேட்டுக்குள் 'கஸ்டமர்_நேம்' ஆகிவிடும். எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் அண்டர்ஸ்கோர். 'டோட்டல்' ஒற்றைச் சொல். சின்ன எழுத்தில் அடித்ததும் தப்பித்துக்கொண்டது.

இந்த வழக்கத்தில் நியாயம் இருக்கிறது. ரூபி மொழியில் பிறந்த லிக்விட் என்ற டெம்ப்ளேட் மொழியையும் ஸ்கிரிபன் படிக்கும்; ரூபியில் அண்டர்ஸ்கோர்தான் வழக்கம். அதன் சொந்த ஃபங்ஷன்களும் 'டு_ஸ்டிரிங்' பாணிதான். பெயரை மாற்றட்டும். கிடைக்காத பெயருக்கு வாய் திறக்காமல் காலி இடத்தை அச்சடிக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கிளாஸில் ப்ராப்பர்ட்டியை ரீநேம் செய்தால் கம்பைலரும் சொல்லாது, டெம்ப்ளேட்டை நிரப்பும் ரெண்டரும் சொல்லாது, வாடிக்கையாளர்தான் சொல்வார்.

மாற்றமே வேண்டாமென்றால், ரெண்டருக்கு, மாடலோடு (நிரப்ப வேண்டிய தரவு) சேர்த்து, மெம்பரின் (ப்ராப்பர்ட்டி போன்ற உறுப்பின்) பெயரை அப்படியே திருப்பித் தரும் ரீநேமரைக் கொடுத்தால் போதும். ஆனால் இல்லாத பெயருக்கு எரர் காட்டும் கண்டிப்பு வேண்டுமென்றால், ரெண்டரின் அமைப்புகளைத் தாங்கும் டெம்ப்ளேட் கான்டெக்ஸ்டை நீங்களே உருவாக்க வேண்டும். அங்கே ஸ்டிரிக்ட் வேரியபிள்ஸை (இல்லாத மாறிக்கு எரர்) ட்ரூ ஆக்குங்கள், எனேபிள் ரிலாக்ஸ்ட் மெம்பர் ஆக்சஸை (இல்லாத மெம்பரைக் கண்டுகொள்ளாமல் விடுவது) ஃபால்ஸ் ஆக்குங்கள். சிக்கலே இதற்குப் பிறகுதான். கான்டெக்ஸ்டுக்குள் தரவைக் கொண்டுபோகும் ஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டின் இம்போர்ட்டில் தரும் ரீநேமர் முதல் அடுக்கோடு நின்றுவிடும். இன்வாய்ஸுக்குள் கஸ்டமர், கஸ்டமருக்குள் முகவரி என்று உள்ளே போனால், கான்டெக்ஸ்டின் மெம்பர் ரீநேமர்தான் பேசும். ஒன்றில் மட்டும் போட்டால் ஒரே வரியில் பாதிப் பெயர் ஒரு பாணி, மீதி வேறு பாணி. இரண்டிலும் போடுங்கள், முதல் ரெண்டருக்கு முன்பே. டிக்‌ஷனரியின் கீ எப்படி இருக்கிறதோ அப்படியேதான் வரும். கிளாஸை டிக்‌ஷனரியாக மாற்றினால் டெம்ப்ளேட்டையும் திருத்த வேண்டும்.

மற்றபடி வேகம், தேவையற்ற இடைவெளிகளை நீக்குவது, இலக்கணப் பிழையை வரி எண்ணோடு காட்டுவது எல்லாமே அருமை, மனதாரப் பாராட்டலாம். ஆனாலும் நிரல் எழுதாதவர்கள் டெம்ப்ளேட்டைத் திருத்தும் இடமென்றால், நண்பரே, அந்த இரண்டு கண்டிப்பையும் போடாமல் ஸ்கிரிபனைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவராதீர்கள். போட நேரமில்லையென்றால் வேறு லைப்ரரி பாருங்கள்.