‘ஒரிஜினல் பெயின்ட்’ என்று விற்ற டிங்கி டாங்கி செட்: ஒரே ஆளிடம் இரண்டு முறை ஏமாந்தேன்

பழைய டைகாஸ்ட் (உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த) பொம்மை ராணுவ வண்டிகள் வாங்குகிறவர்கள், அதிலும் முகம் தெரியாத ஆளிடம் படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நான் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தது டிங்கி என்ற பிரிட்டிஷ் பொம்மை பிராண்டின் 698. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், 660 என்ற எண்ணில் வந்த மைட்டி ஆன்டர் டாங்கி டிரான்ஸ்போர்ட்டரையும் 651 செஞ்சூரியன் டாங்கியையும் சேர்த்து ஒரே பெட்டியில் போட்டு 1957 முதல் 1965 வரை விற்ற செட் அது. தனித்தனியாக இரண்டுமே கிடைக்கும். ஆனால் பெட்டியோடு, பெயின்ட் கெடாமல், டாங்கி ஏறுகிற பின்பக்கச் சாய்தளம் இரண்டும் உடையாமல் கிடைப்பது அபூர்வம். அப்படி ஒன்று விற்பனைக்கு வந்ததும் எனக்குக் கை பரபரத்தது. ‘நூறு சதவீதம் ஒரிஜினல், யாரும் கை வைக்காதது, ஒரிஜினல் பெட்டி’ என்று விற்றவர் எழுதியிருந்தார். ஒன்பது படங்கள் போட்டிருந்தார், எல்லாமே மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்தவை. அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். அனுப்புகிறேன் என்றார். மறுநாள் மறுபடி கேட்டேன். அதற்குள் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், இன்று இரவுக்குள் முடிவு சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அந்தப் படம் வராமலேயே பணத்தை அனுப்பிவிட்டேன். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

பார்சலைப் பிரித்ததும் பெயின்ட் வாசனை வந்தது. அறுபது வருடத்துப் பெட்டி என்றால் பழைய அட்டை வாசனைதான் வரவேண்டும், இதில் கொஞ்ச நாளைக்கு முன் ஸ்பிரே அடித்த வாசனை. அப்போதே மனசு கனத்துவிட்டது, இருந்தாலும் உடனே முடிவு கட்ட மனசு வரவில்லை. டிரான்ஸ்போர்ட்டரைக் கவிழ்த்து விளக்குக்குக் கீழே பிடித்தேன். அடிப்பக்கத்தில் வார்ப்பிலேயே எழுந்து நிற்கும் எழுத்துகள் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் அடித்த எனாமல் மெல்லிசு, அதனால் எழுத்தின் விளிம்பை அது மூடாது. இதில் எழுத்துகளுக்கு நடுவே பெயின்ட் தேங்கிப்போய் எல்லாம் உருண்டையாக இருந்தது. அடுத்து ரிவெட். டிங்கியில் வார்ப்போடு சேர்ந்தே வரும் சின்னத் தண்டைத் தகட்டின் துளை வழியாக விட்டு நுனியை அழுத்தி விரித்துவிடுவார்கள், அது வழவழவென்று வட்டமாகப் படிந்திருக்கும். இதில் அதன் நடுவில் டிரில் போட்டுத் துளைத்து, வண்டியைப் பிரித்து, திரும்பப் பசை வைத்து மூடியிருந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது துளையைச் சுற்றிப் பிசிர் தெரிந்தது, அந்தப் பிசிரின் மேலேயும் பச்சைப் பெயின்ட்.

சாய்தளங்களில் ஒன்று புது வார்ப்பு. நகத்தால் லேசாக அழுத்தினாலே கோடு விழும் மெத்தென்ற வெள்ளை உலோகம், டிங்கி வார்த்த துத்தநாகக் கலவையில் அப்படி விழாது. செஞ்சூரியனின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் செயின் ரப்பர் பேண்ட் மாதிரி வளைந்துகொடுத்தது. அந்தக் காலத்து ரப்பர் இத்தனை வருடத்தில் இறுகி வெடிப்பு விட்டிருக்கும், அதை மாற்றியிருப்பது சகஜம், மாற்றுவதில் தப்பும் இல்லை. மாற்றினேன் என்று சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ராணுவ வண்டிகளில் போலி குறைவு என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கார்களில்தான் அரிய நிறச் சேர்க்கைகள் உண்டு, அதற்காகத்தான் ஆட்கள் நிறம் மாற்றி ஏமாற்றுவார்கள், ராணுவ வண்டி எல்லாம் ஒரே பச்சைதானே என்று. அந்த ஒரே பச்சைதான் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதி. இரண்டு நிறம் சேரும் கோடு இல்லை, பளபளப்பு இல்லை, ஒரு டப்பா மங்கல் பச்சை இருந்தால் போதும், அடிபட்டு உரிந்துபோன வண்டி ஒரு மதியத்தில் கடையிலிருந்து வந்த புதுப் பொம்மை மாதிரி ஆகிவிடும். படத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

பெட்டியும் நகல்தான். நீல வெள்ளைக் கோடு போட்ட அந்தப் பெட்டியில் நீலம் ஒரே மையாகப் படிந்திருக்க வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் வெவ்வேறு நிறப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன, வீட்டுப் பிரிண்டரில் எடுத்தால் வருவது போல. புற ஊதா டார்ச் அடித்ததும் அட்டை முழுக்க நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. இப்போதைய காகிதங்களில் வெண்மைக்காகச் சேர்க்கிற ரசாயனம்தான் அப்படி ஒளிரும். என்னிடம் உள்ள அசல் டிங்கி பெட்டி ஒன்றை எடுத்து அதே டார்ச்சை அடித்துப் பார்த்தேன், மங்கலாகவே இருந்தது. அப்புறம் பெட்டியின் உள்பக்கம். ஒரு வண்டி பத்துப் பதினைந்து வருடம் பெட்டிக்குள் கிடந்தாலே சக்கரம் உரசிய தடமும் பச்சைத் தீற்றலும் அட்டையில் இருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை.

எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். அவர் சண்டை போடவே இல்லை, அதுதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. ‘எனக்கும் இப்படித்தான் விற்றார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன், புகார் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஈடாக என் சொந்தத் தொகுப்பிலிருந்து போருக்கு முந்தைய ரெகானசன்ஸ் கார் ஒன்று அனுப்புகிறேன்’ என்றார். டிங்கி 152பி, இரண்டாம் உலகப் போருக்கு முன் 1938-இல் வந்த ஆறு சக்கர உளவு வண்டி. சரி, நல்ல மனுஷன்தான் போல என்று நினைத்துச் சம்மதித்துவிட்டேன். அந்தப் பார்சல் கிளம்பவே ரொம்ப நாளாயிற்று. உடம்பு சரியில்லை, நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே போனார்.

ஒருவழியாக வந்தது. முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தேன். போருக்குப் பிந்தைய தயாரிப்பில் சக்கர நடுப்பகுதியில் வரம்பு எழுந்திருக்கும், முந்தையதில் வழவழப்பாக இருக்கும். இது வழவழப்பு. அந்த விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அப்புறம் முன்பக்கத்தைத் துடைக்கும்போது விரலுக்கடியில் பெயின்ட் ஒரு செதிலாக எழும்பியது. அடியில் உலோகம் இல்லை, வெடிப்பை அடைக்கப் பூசுகிற சாம்பல் நிறப் புட்டி. ஊசியால் மெதுவாக எடுத்துப் பார்த்தால் வார்ப்பு முழுக்க மயிரிழை வெடிப்புகள். பின்சக்கரம் ஒன்று கையில் எடுத்தபோதே இரண்டாகப் பிளந்து, டயருக்குள் துண்டுகளாக ஆடிக்கொண்டிருந்தது.

சேகரிப்பவர்கள் சிங்க் பெஸ்ட் (zinc pest) என்பது இதைத்தான். பெயரில் பெஸ்ட் என்று இருந்தாலும் இது பூச்சியும் இல்லை, பக்கத்து வண்டிக்குத் தொற்றும் நோயும் இல்லை. வார்க்கும்போதே துத்தநாகக் கலவையில் ஈயம் மாதிரி அசுத்தம் கலந்துவிட்டால், உலோகத்தின் படிகங்களுக்கு நடுவே அரிப்பு ஓடி, வார்ப்பு உப்பி, வெடித்து, கடைசியில் பொடியாகிவிடும். ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இன்றைக்குத் தர விதி இருக்கிறது. 1930-களின் பட்டறைகளில் அந்தச் சுத்தம் எப்போதும் கிடைத்துவிடவில்லை. அதனால்தான் போருக்கு முந்தைய டிங்கிகளில் இது இவ்வளவு சகஜம். ஈரமும் சூடும் இதை வேகப்படுத்தும். வைத்தியம் கிடையாது. அந்த வெடிப்பில் புட்டி அடைத்துப் பச்சை அடித்து அனுப்பியிருக்கிறார். டிரான்ஸ்போர்ட்டரையாவது ‘எனக்கும் இப்படித்தான் விற்றார்கள்’ என்று சொல்லலாம். புட்டி அடைத்த கைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருக்காது.

அன்று இரவே புகார் போடப் போனேன். காலக்கெடு நான்கு நாளைக்கு முன்பே முடிந்திருந்தது. அந்த இரண்டாவது பார்சல் ஏன் அவ்வளவு நாள் இழுத்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவருக்கு எழுதினேன். ‘இலவசமாகக் கொடுத்த பொருளுக்குக் குறை சொல்கிறீர்களே’ என்று ஒரு வரி பதில், அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார்.

புதுப்பித்த வண்டிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உரிந்துபோன 651-ஐ அழகாகச் சரிசெய்து, ‘மறுவண்ணம், புது செயின், நகல் பெட்டி’ என்று எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நானே வாங்கியிருக்கிறேன். அதற்கு ஒரு விலை, அசலுக்கு ஒரு விலை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பணத்தைத்தான் இந்த ஆள் என்னிடமிருந்து எடுத்திருக்கிறார்.

அதனால் ராணுவ வண்டி எதுவாக இருந்தாலும், ரிவெட் தெளிவாகத் தெரிகிற மாதிரி அடிப்பக்கப் படம் கேளுங்கள், சக்கர அச்சின் நுனியையும் அருகில் எடுக்கச் சொல்லுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். ‘ஒரிஜினல்’ என்று சொன்னால் எது ஒரிஜினல், வார்ப்பா, பெயின்டா, பெட்டியா என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போருக்கு முந்தையது என்றால் வெடிப்பு உண்டா என்று நேராகக் கேளுங்கள், மேற்பரப்பில் அலை மாதிரி நெளிவோ அடித்தகடு உட்காராமல் இடைவெளியோ தெரிந்தால் சந்தேகப்படுங்கள். குறை தெரிந்த அன்றைக்கே புகார் போடுங்கள், பேச்சுவார்த்தையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஈடாகப் பொருள் வேண்டவே வேண்டாம், பணமாகக் கேளுங்கள்.

ரெகானசன்ஸ் காரைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன், போன வாரம் முன்பக்க மூலையிலிருந்து ஒரு துண்டு விழுந்தது. 698-ஐ விற்கப் போவதில்லை. எனக்குப் பிறகு அது யார் கைக்குப் போகுமோ தெரியாது, அதனால் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் அழியாத மையால் எழுதிவிட்டேன்: நகல் பெட்டி, மறுவண்ணம், ஒரு சாய்தளமும் செயின்களும் புதியவை.